குட்டைக்கு வந்த பெரிய கொக்கு

இறால் குட்டையில் வேலைக்குச் சேரும்வரை எனக்கு எல்லாக் கொக்கும் ஒன்றுதான். பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் எங்கள் கரும்புக் கொல்லையில் மாட்டின் காலடியிலேயே நடக்கும் உண்ணிக் கொக்கும் சரி, ஏரியில் நிற்கும் நெட்டைக் கொக்கும் சரி. வெள்ளையாக இருந்தால் கொக்கு, அவ்வளவே.

பார்த்த வேலை போய் வீட்டில் சும்மா கிடந்தபோது சிதம்பரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "மாமாவுக்கு நம்பிக்கையான ஆளு யாரும் இல்லடா. நீ வந்து குட்டையப் பாத்துக்கிட்டா அவருக்கும் தெம்பா இருக்கும்."

மாமா என்றது அவள் கணவரை. சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழியை ஒட்டி அவர் இறால் குட்டைகள் போட்டிருந்தார். என்னை 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் தோளில் கை போட்டுக் கரை முழுவதும் நடத்திக் காட்டினார். "இனிமே இது உன் குட்டை மச்சான்" என்றார். நான் நம்பினேன்.

தீவனம் வீச வேண்டும். காற்று கலக்கும் மோட்டார்கள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் இறக்கிய தீவனத் தட்டைத் தூக்கி, இறால் தின்றிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பதுதான். அப்படி உட்கார்ந்துதான் கொக்கு பார்க்கப் பழகினேன்.

சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றைக் காலால் கலக்கி, ஓடி ஓடி மீன் பிடிக்கும். பெரிய கொக்குக்குப் பாதமும் கறுப்புதான். அது ஓடாது. கழுத்தை நீட்டி, லேசாகச் சாய்த்து, அப்படியே நிற்கும். மோட்டார் தெறிக்கும் தண்ணீர் மேலே பட்டாலும் அசையாது. கழுத்தின் நடுவே எலும்பு முறிந்ததுபோல ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்பு நிமிர்வதை நான் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. இறால் அலகில் துடிக்கும்போதுதான் கொத்தியதே தெரியும். இன்னொரு பெரிய கொக்கு அருகில் இறங்கினால், கட்டைத் தொண்டையில் கரகரவென்று கத்தித் துரத்திவிடும். எங்கள் குட்டையில் வழக்கமாக ஒன்றுதான் நிற்கும்.

ஐப்பசி மழை பிடித்ததும் அது உருமாறியது. மஞ்சள் அலகு கறுத்தது. கண்ணோரத் தோலில் பச்சை ஏறியது. முதுகிலிருந்து நூல் நூலாக வெள்ளை இறகுகள் வளர்ந்து வாலைத் தாண்டித் தொங்கின. உப்பங்கழியில் இருக்கும் சுரபுன்னைக் காட்டுக்குள் கூடு கட்டுகிறது என்று படகோட்டி ஒருவர் சொன்னார். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்குமாம். அதன் பிறகு, இரை விழுங்கியதும் அது காட்டுப் பக்கம் பறப்பதைக் கவனித்தேன். கழுத்தை மடக்கி, காலைப் பின்னால் நீட்டி, அவசரமே இல்லாமல் பறக்கும்.

மாமாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. கொக்கு இறங்காதபடி கரைக்குக் கரை நைலான் நரம்பு கட்டினார். பட்டாசு வெடித்தார். சின்னக் கொக்குகள் பயந்து போயின. பெரியது நரம்புக்கு அடியில் நடந்து வந்தது.

தை பிறந்த சமயத்தில் இறாலுக்கு நோய் வந்தது. முதலில் தட்டில் தீவனம் மிஞ்சியது. பிறகு இறால்கள் தளர்ந்து ஓரத்துக்கு வந்தன. ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள். அதற்குப் பிறகுதான் கொக்குகள் கூட்டமாக வந்தன. பிடிக்கச் சுலபமான இரை கிடைக்கும்போது பெரிய கொக்கும் சண்டையை மறந்து கூட்டத்தில் நிற்கும்.

மாமா அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். "பாத்தியா மச்சான்? இதுங்கதான் பக்கத்துக் குட்டையிலேருந்து சீக்கக் கொண்டாந்து வுட்ருச்சு."

"இல்ல மாமா. சீக்கு வந்தப்புறம்தான் இதுங்க கூடுச்சு. நான் தெனம் பாக்குறேன். தண்ணியிலதான் ஏதோ வந்திருக்கு."

"நீ கொக்கு பாக்கத்தான் வந்தியா, குட்டை பாக்க வந்தியா?"

மறுநாள் என்னை இறால் மருந்துக் கடைக்கு என்று கடலூருக்கு அனுப்பினார். கேட்டது எதுவும் அந்தக் கடையில் இல்லை. திரும்பி வந்தபோது கரை நெடுகச் செத்த இறால் குவியல்கள் இருந்தன. நெல்லுக்கு அடிக்கிற பூச்சி மருந்தின் வாடை அடித்தது. குவியல்களைச் சுற்றிக் கொக்குகள் கிடந்தன. சில இன்னும் சிறகை அடித்துக்கொண்டிருந்தன.

பெரிய கொக்கு தண்ணீரில் பாதியும் கரையில் பாதியுமாகக் கிடந்தது. தூக்கினேன். அவ்வளவு உயரமான பறவை, கையில் கனமே இல்லை. அலகு கறுப்பாகத்தான் இருந்தது. முதுகு நூல்களில் சேறு அப்பியிருந்தது.

"இது குஞ்சு வச்சிருக்குறது மாமா" என்றேன். "இந்நேரம் அதுங்க காட்டுல வாயத் தொறந்துகிட்டு உக்காந்திருக்கும்."

"எனக்குந்தான் ஊட்டுல புள்ள இருக்கு. அது வாயத் தொறந்தா நீ போடுவியா?"

மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினேன். எல்லாவற்றையும் நான்தான் புதைத்தேன். அவர் கொட்டகையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

யார் சொன்னார்களோ தெரியாது. இரண்டொரு நாளில் வனக்காவலர் வந்தார். மாமாவை அழைத்துப் போய், பகல் முழுக்க ஆபீஸ் வாசலில் உட்காரவைத்து, எச்சரித்து அனுப்பினார்கள். வேறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துவிட்டார்கள். அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

நேராகக் கொட்டகைக்கு வந்து என் பையைத் தூக்கி வெளியே எறிந்தார். "சோறு போட்ட கையைக் கடிச்சிட்ட இல்ல? கொக்குக்காக என்னைக் காட்டிக் குடுத்துட்ட."

"நான் சொல்லல மாமா."

"உன்னைத் தவிர எவனுக்குடா கொக்கு மேல இவ்வளவு அக்கறை?"

பையை எடுத்துக்கொண்டு கரையோடு நடந்தேன்.

கடலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை கிடைத்தது. அடுத்த முறை இறால் குஞ்சு விட்டபோது மாமா குட்டைகளை வலையால் மூடிவிட்டாராம். ஒரு கொக்குகூட இறங்கவில்லையாம். இருந்தும் அதே வெள்ளைப் புள்ளி வந்து எல்லாம் போயிற்று என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட முயன்றேன். முடியவில்லை.

அக்கா மகள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் நான் கொண்டுபோக வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. தூரத்து உறவு ஒருவரின் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்தது. பட்டுப் பாவாடையும் வளையலும் வாங்கிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். மண்டப வாசல் பேனரில் சொந்தக்காரர்கள் எல்லாருடைய படமும் இருந்தது. என் படம் இல்லை. உள்ளே, என் சித்தப்பா மகன் சீர்த்தட்டோடு நின்றான். அவன் தலையில் தாய்மாமனுக்குக் கட்டும் பரிவட்டம்.

மாமா வாசலுக்கு வந்தார். "யாரு சொல்லி வந்த?"

அவருக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு யாரோ கூப்பிட்டதுபோல உள்ளே திரும்பிக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை.

நான் திரும்பி வந்த பிறகு அவளே போன் செய்தாள். "ஒரே ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடுடா. அவரு மனசு எறங்கிடுவாரு."

"எதுக்குக்கா கேக்கணும்? நான்தான் சொல்லலையே."

"சொன்னியோ சொல்லலையோ, அதெல்லாம் இப்ப யாரு கேக்குறா? கேட்டுடு."

"நான் சொல்லலன்னு நீயாவது நம்புறியா?"

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. "அடுப்புல வேல இருக்கு, வைக்கிறேன்" என்றாள்.