கேதத்துக்கு முன்பே வந்தவர்

பன் தட்டுகளை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பக்கத்துக் கடை வசந்தாமணி அக்காவின் மருமகள். "அத்தை போயிட்டாங்கண்ணா. காலையில எந்திரிச்சு நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தாங்க, அவ்வளவுதான்" என்றாள். சொன்னதும் போனை வைத்துவிட்டாள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதேன்.

சற்று நேரத்தில் எங்கள் கிணத்துக்கடவு வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்திகள் வரிசை கட்டின. முதலில் வந்தது சங்கத் தலைவருடையது. "மனிதநேயச் செம்மல்" என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. "அந்தம்மா யாவாரம் பண்ண வந்துச்சா, ஊர் நாயம் பேச வந்துச்சா?" என்று என் பேக்கரியில் உட்கார்ந்து பப்ஸ் தின்றுகொண்டே கேட்டவர் இவர்தான்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொள்ளாச்சி ரோட்டில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை அவருடையது. கணவர் தவறிய பிறகு தனியாக எடுத்து நடத்தினார். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகத் திட்டுவார். என் டீயைக் கழுநீர் என்று சொல்லிக்கொண்டே ஒரு நாளும் குடிக்காமல் இருந்ததில்லை.

அவருடைய தம்பி சூலூர்ப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னார்கள். சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவதை எங்கள் பக்கம் கேதத்துக்குப் போவது என்போம். அந்தக் கேதத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நாளாகவே அவர் முகம் சரியில்லை என்றும், எல்லோரிடமும் விடைபெறுவதுபோலப் பேசினார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஏன் கேட்கவில்லை என்றதற்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்திருக்கிறது. "நாமளா எப்படிங்க கேக்கறது? தப்பா நெனச்சுக்குவாங்கள்ல?"

இதை என்னிடம் சொன்ன அன்று அக்கா அழவில்லை. முகம் சிவந்திருந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது கண்ணு. ஒருத்தருக்கும் வாய் வரல. செத்ததுக்கப்பறம் இத்தன பேரு வந்தாங்களே, அதுல ஒருத்தராச்சும் முன்னாடி வந்திருக்கலாமில்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் கடையில் அந்த வழக்கம் வந்தது. பூச்சிமருந்தெல்லாம் பூட்டிய உள்ளறைக்குப் போயிற்று. எந்தப் பயிர், என்ன நோய் என்று விசாரிக்காமல் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. பதில் தடுமாறினால் சரக்கு இல்லை என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு ஆளை விடவும் மாட்டார்.

அப்படித்தான் ஒரு பிற்பகல் சிவசாமி வந்தார். அவர் பேரை எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஊரறிய அவரே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். வேர்வாடல் நோய் வந்து அவருடைய தென்னைகளையெல்லாம் வெட்டிச் சாய்த்திருந்த சமயம். எந்தப் பயிருக்கு மருந்து என்று அக்கா விசாரிக்க, அவர் பதில் சொல்லாமல் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அக்கா வெளியே வந்து, அவரை என் கடைக்கு அழைத்துவந்து, மூலை பெஞ்சில் உட்காரவைத்து இரண்டு டீ சொன்னார். பிறகு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"ஏனுங்க, செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?"

நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். இப்படியா ஒரு மனிதரிடம் கேட்பது என்று பதறினேன். சிவசாமி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு "ஆமாங்க" என்றார். சொன்னதும் தோள் குலுங்க அழுதார்.

அக்கா புத்தி சொல்லவில்லை. பிள்ளைகளை நினைத்துப் பார் என்றோ, ஆம்பிளை அழலாமா என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தார். இதை யாரிடம் சொன்னால் உங்களுக்குத் தேவலாம் என்று மட்டும் விசாரித்தார். பொள்ளாச்சியில் இருக்கும் தன் கூடப்பிறந்த அக்காவிடம் என்றார் சிவசாமி. அந்த அம்மா வந்து சேரும்வரை வசந்தாமணி அக்கா பெஞ்சை விட்டு எழவில்லை. மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அவர்களோடு போனார். அதன் பிறகும் விடாமல் போன் செய்து, தூக்கம் வருகிறதா, மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா என்று நான் ஒரு நாள் சண்டை பிடித்தேன். "பசிக்குதான்னு கேட்டா புதுசா பசி வந்துருமா கண்ணு? நெனப்பு முன்னாடியே உள்ள உக்காந்திருக்குது. கேட்டா வெளிய வருது, அவ்வளவுதான்" என்றார்.

இதற்கு ஊர் என்ன கைம்மாறு செய்தது தெரியுமா? சிவசாமியின் அண்ணன் கடைக்கு வந்து கத்தினார். சிவசாமியின் பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அக்கா குடும்ப மானத்தைக் கடைவீதியில் ஏற்றிவிட்டாராம். சங்கத் தலைவரும் அவர் பக்கம்தான் பேசினார். அக்கா நிதானமாகச் சொன்னார். "மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வந்தா அப்பனக் காட்டலாமுங்க. செவுத்துல மாட்டுன போட்டோவக் காட்ட வேண்டீது இல்லீங்க." அதோடு பேச்சு முறிந்தது. சிவசாமி எங்கள் கடைப் பக்கம் வரக் கூடாது என்று தடை போட்டார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலரும் வேறு கடைக்குப் போனார்கள்.

எனக்கு ஆறவே ஆறாத கோபம் இதில்தான். நாம் என்ன, எதையுமே கேட்காத மனிதர்களா? கல்யாணமான பெண்ணிடம் முகூர்த்தப் புடவை கசங்குவதற்குள் "விசேஷம் உண்டுங்களா" என்கிறோம். பையனுக்கு என்ன சம்பளம், பெண்ணுக்கு ஏன் இன்னும் ஆகவில்லை, நிலத்தை ஏன் விற்றீர்கள் என்று அடுத்த வீட்டு அடுப்படிவரை நுழைந்து விசாரிக்கிறோம். அப்போதெல்லாம் இல்லாத நாகரிகம், ஒருவர் கண்ணெதிரே உடைந்துகொண்டிருக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? இதற்குப் பெயர் மரியாதை இல்லை. பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் கூட உட்கார வேண்டியிருக்குமே என்ற பயம்.

அக்காவின் எடுப்புக்கு, அதாவது இறுதி ஊர்வலத்துக்கு, கூட்டம் தாங்கவில்லை. தலைவர் மைக் பிடித்துச் சேவை, தியாகம் என்று அடுக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவசாமி முன்னால் வந்தார். மைக்கை வாங்கவில்லை, மாலையை வைத்துவிட்டு அங்கிருந்தே பேசினார்.

"அன்னிக்கு நான் சாகலாம்னுதான் இருந்தனுங்க. இந்தம்மா கேட்டாங்க. கேக்காம உட்டிருந்தா, இந்தக் கூட்டம் அன்னிக்கே எனக்கு வந்திருக்குமுங்க. எம் பொண்ணு கல்யாணத்துல நாந்தான் தாரை வாத்துக் குடுத்தேன்."

அவருடைய அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் மைக்கைக் கீழே வைத்தார்.

அக்காவின் கடை இன்னும் திறக்கவில்லை. ஷட்டரில் சங்கத்தார் கட்டிய இரங்கல் பேனர் தொங்குகிறது. அரசின் மனநல உதவி எண்ணை அக்கா தன் கையால் எழுதி ஒட்டிய அட்டை அதன் பின்னால் மறைந்திருந்தது. அதை எடுத்துவந்து என் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

இன்று காலை மூலை பெஞ்சில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். வைத்த டீ ஆடை கட்டிப்போயும் தொடவில்லை. நான் கல்லாவை விட்டுப் போனேன். அக்காவின் குரலை நினைத்துக்கொண்டு, அவர் வார்த்தையிலேயே கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் உட்காருவதற்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

போய் வாருங்கள் அக்கா. நான் உட்கார்ந்துவிட்டேன்.