நீலத் தலையணை உறைகள்

நாயுடுபுரத்து விடுதி ஒன்றில் தெரசம்மாள் துணி துவைக்கத் தொடங்கிப் பதினோரு வருஷம். குழம்போ, குழந்தை கொட்டிய சாக்லேட்டோ, அவள் கைபட்டால் கறை போய்விடும், சாயம் போகாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. அப்படிப்பட்டவள் முன்னால் மேனேஜர் ராஜமுருகன் மூன்று நீலத் தலையணை உறைகளைப் போட்டார். மூன்றிலும் ஆரஞ்சு நிறத் திட்டுகள்.

"பிளீச்சக் கொட்டியிருக்கீங்க தெரசம்மா. இன்னும் ஒண்ணு இப்படி வந்தா வேற எடத்துல சோலி பாத்துக்கங்க."

துணியில் எது கெட்டாலும் துவைக்கிறவள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருவாள் போலும். பிளீச் சிந்தினால் மூலைமுடுக்கெல்லாம் தெறிக்கும். இதுவோ உறையின் நட்டநடுவில், கன்னம் படும் இடத்தில் மட்டும். மூன்றும் பணியாளர் அறையிலிருந்து வந்தவை. அங்கே தங்குபவள் அடுக்கம் கிராமத்திலிருந்து வந்து ரிசப்ஷனில் நிற்கும் புவனா. தூசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி எந்நேரமும் மாஸ்க் போட்டிருப்பாள்.

உறையைக் காட்டிக் கேட்டதும் புவனா மாஸ்கை இறக்கினாள். கன்னமெல்லாம் பரு. மருந்துப் பெட்டியை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"ராத்திரி தடவுற ஜெல்லு அக்கா. துணியில பட்டா சாயம் வெளுத்திரும்னு போட்டிருக்கு. சார்கிட்ட சொல்லிராதீங்க. இந்த மூஞ்சியோட கவுண்டர்ல நிக்க விடமாட்டாரு. இன்னையோட இதத் தூரப் போட்டுர்றேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மூணு மாசம் விடாமத் தடவணுமாம். கிள்ளுனா தழும்பு நின்னுரும்னாரு. இப்ப ஒன்றரை மாசம். புதுசா வர்றது கொறஞ்சிருக்கு."

"பெறகு எதுக்குத்தா விடுற?" தெரசம்மாள் தன் கன்னத்துக் குழிகளைத் தொட்டுக் காட்டினாள். "நான் ஊசியால குத்தி எடுத்தவ. இந்தா வெள்ளை உறை. வெள்ளையில வெளுக்க என்ன இருக்கு?"

ஆனால் முந்தின வாரத்து நீல உறை ஒன்று, அதே திட்டுகளோடு, சலவைக் கூடையில் கிடந்தது. மறுநாள் காலையில் அது ராஜமுருகன் கண்ணில் பட்டுவிட்டது. தெரசம்மாளைக் கவுண்டருக்கே வரச்சொல்லிக் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை போனதென்றே நினைத்தாள்.

புவனா மாஸ்கைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அது என் பரு மருந்து சார். அக்கா மேல தப்பில்ல."

ராஜமுருகன் அவள் முகத்தையே பார்த்தார். மனுஷர் கத்தவில்லை. "சரி, மூஞ்சி சரியாகுற வரைக்கும் பின்னாடி ஸ்டோர்ல இரு" என்றார். பரு என்ன, விருந்தாளிகள் மேல் தாவியா ஏறப்போகிறது? ஆனாலும் அவள் பயந்ததே நடந்துவிட்டது.

ஸ்டோருக்குப் போகும் வழியில் தெரசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் ஒண்ணும் சொல்லலையே. நீ ஏத்தா சொன்ன?"

"மூஞ்சி கொஞ்ச நாள்ல சரியாயிரும்க்கா. உங்க சோலி போனா திரும்பி வருமா?"

தெரசம்மாளுக்கு அழுகைதான் வந்தது.