மைதானத்தை மீனுக்குக் கொடுத்த சம்மேளனம்

பத்திரிகைக்கு எழுதவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காலை ஆறு மணிக்கு மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கி, "தேசிய பேண்டிச் சம்மேளனத்துக்குப் போகவேணும்" என்றேன். முச்சக்கரவண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தவராசா அண்ணன்ட வீடுதானே? ஏறுங்க."

பாலம் தாண்டிக் கல்லடி. நானூறு ரூபாய்.

பேண்டி என்பது உறைந்த ஏரியின்மேல், பக்கத்துக்குப் பதினொரு பேர், வளைந்த கோலால் பந்தடிக்கும் விளையாட்டு. இலங்கையில் வாவி உறைந்ததாக ஆரும் சொல்லக் கேட்டதில்லை. ஆனாலும் சம்மேளனம் உண்டு. தலைவர் தவராசா, பொருளாளர் அவர் மனைவி சுசீலா, பெயர்ப்பலகை மீன்பெட்டிக்கு மேலே தொங்குகிறது. வீரர்கள் எல்லோரும் கரைவலை இழுப்பவர்கள்.

"பின்னேரத்துக்குள்ள ஐஸில விளையாடி வீடியோ அனுப்பாட்டி, உலகச் சம்மேளனத்தில இருந்து நம்மட நாட்டுட பேரை வெட்டிருவாங்க சேர்" என்றார் தவராசா. தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். சிரிக்க வந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

எட்டு மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். மீன் ஏலம் போடும் சிமெந்துத் தரையில் ஐஸ் கட்டிகளை விளிம்போடு விளிம்பு அடுக்கி மைதானம் அமைப்பதுதான் திட்டம். லொறி வந்தது. பின்கதவைத் திறந்தால் அத்தனையும் நொறுக்கிய ஐஸ்!

"ஏன்டாப்பா உடைச்ச?" தவராசா தலையில் கைவைத்தார்.

"கடற்கரைக்கு உடைச்சுத்தானே குடுக்கிற! முழுக்கட்டி எண்டு ஆரு சொன்ன?" என்றார் ஐஸ்காரர். ஒருவரும் சொல்லவில்லைதான். "இண்டைக்கு இருந்த ஐஸ் எல்லாம் இதான்."

வேறு வழியில்லை. மண்வெட்டியால் பரப்பினார்கள். றப்பர் பூட்ஸ் போட்ட இருபத்திரண்டு பேர் புளியங்கோல்களுடன் இறங்கினார்கள். நான் தவராசாவின் போனில் படம் பிடித்தேன். முதல் அடியிலேயே பந்து ஐஸுக்குள் புதைந்தது. தேடக் குனிந்த நடுவர் வழுக்கிக் கோல் கம்பங்களுக்குள் போய் விழ, ஒரு கட்சி அதையும் கோலாகக் கணக்கெடுக்கச் சொல்லிச் சண்டை பிடித்தது.

அப்போது கரையிலிருந்து ஒரு சத்தம்: "கீரி! கீரி மீன் வலை நிறைய!"

இருபத்திரண்டு புளியங்கோல்களும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன. கோல் காப்பாளர்தான் முதலில் ஓடினார். கரைவலைக் கயிற்றில் கைவைத்தவனுக்கெல்லாம் கறிக்கு மீன் உண்டு என்பது இங்கே வழக்கம். பிறகு நான் மட்டும் ஏன் நிற்கவேண்டும்?

மீன் மலையாகக் குவிந்தது. வெயிலும் ஏறியது. கூடை ஏந்திய பெண்கள் மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். முன்னால் சுசீலா.

"இஞ்சேருங்க. மீன் கிடக்கு, ஐஸ் கிடக்கு. மறுகா என்ன யோசின?"

தவராசா போனைப் பார்த்தார். ஆட்டம் ஐந்து நிமிடம்கூட இல்லை. மீனைப் பார்த்தார். முழு ஊரின் உழைப்பு அது. மண்வெட்டியை எடுத்து, நடுக்கோட்டிலிருந்தே ஐஸை வெட்டிக் கூடையில் போட்டார். இருந்த வீடியோவை அப்படியே அனுப்பினார்.

மாலை யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறியபின் அழைப்பு வந்தது.

"சேர், பேர் தப்பிட்டு! இந்த வருசத்துக்கு இது போதுமாம். ஆரு வெண்ட எண்டு மட்டும் கேட்டிருக்காங்க."

"என்ன சொன்னீர்கள்?"

"சுசீலா எண்டு எழுதிட்டன்."

எங்கள் ஊரிலும் சம்மேளனங்களுக்குக் குறைவில்லை. மேசையும் நாற்காலியும்கூட உண்டு. ஆனால் இப்படியொரு தலைவரை நான் அங்கே கண்டதில்லை. மடியிலிருந்த பையில் என் பங்குக் கீரி மீன். அதைச் சுற்றியிருந்த தேசிய மைதானம் உருகிப் பக்கத்துச் சீட்டுக்காரரின் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.