நான் பார்க்காத ஸ்லைடு

மணவாள நகரிலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்குப் போய், ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கட்டம் கட்டமாக ரத்த அணுக்களை எண்ணியவன். போன வருடம் அதற்கு ஒரு மெஷின் வந்தது. ஒரே நிமிடத்தில் எண்ணிவிடும். கண் பிழைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

திருவாலங்காட்டில் பயிர் செய்யும் என் தங்கை புருஷனுக்குக் காய்ச்சல் விடவில்லை. பல் ஈறிலும் ரத்தம் கசிந்தது. அழைத்துப்போய் ரத்தம் எடுத்தேன். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. வழக்கப்படி ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் போட்டுக் காயவைத்தேன். அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"இன்னா மச்சான், பயம் ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"மெஷினே சொல்லிடுச்சு மாப்ளே. எல்லாம் கரெக்டா கீது."

மூன்றாவது வாரம் அவர் இறந்துபோனார். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அந்த ஸ்லைடைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எண்ணிக்கை சரிதான். ஆனால் அந்த வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவை புற்றுநோய் அணுக்கள். மெஷினுக்கு எண்ணத்தான் தெரியும். பார்க்க வேண்டியவன் நான்.

முன்பே தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இப்போது ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்த பிறகே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறேன். ரயில் போனால் போகட்டும்.

அந்த ஸ்லைடை எடுத்துப் பார்ப்பதற்கு முன்பு, சாவு வீட்டில் தங்கை ஒன்றுதான் கேட்டாள். "அவரு ரத்தத்த நீ உன் கண்ணால பாத்தியாண்ணா?"

"பாத்தேம்மா" என்று சொல்லிவிட்டேன்.