துவக்கைக் குடுக்கப் போன நாள்

கீழ்வீட்டுக் கிழவனார் செத்த கிழமை, அவற்ற துவக்கு எங்கட கட்டிலில கிடந்தது.

லண்டனில, டூட்டிங்கில அவற்ற வீட்டு மேல்மாடியில நாங்கள் வாடகைக்கு இருந்தனாங்கள். ஊரில சமாதானம் எண்டு கதைச்சுக்கொண்டிருந்த வருசங்கள். கிழவனார் வெள்ளைக்காரர், தனிய இருந்தவர். என்ர மனுசன் அவருக்குப் பால் வாங்கிக் குடுப்பார், புல்லு வெட்டிக் குடுப்பார். அரைகுறை இங்கிலீசில ரெண்டுபேருக்கும் நல்ல ஒட்டு. துவக்கு கிழவனார் தகப்பன்ர. இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. கன்னம் வைக்கிற இடத்தில மரம் தேய்ஞ்சு மினுங்கும். தனக்குப் பிறகு அது இவருக்குத்தான் எண்டு சொல்லி வைச்சவராம்.

அவுஸ்திரேலியாவில இருந்து வந்த கிழவனாரின்ர மகள் சாமானெல்லாம் ஒதுக்கிப்போட்டு அதை இவற்ற கையில குடுத்திட்டாள். "பழசு, ஒரு விலையும் போகாது. அப்பா உங்களுக்கெண்டு சொன்னவர்" எண்டாள். பிளேனுக்கு நேரமாச்செண்டு வெளிக்கிட்டாள். இவருக்கு லைசென்சும் இல்லை, ஒண்டும் இல்லை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கட விசா அலுவல் குரோய்டன் குடிவரவு ஒபிஸில இழுபட்டுக்கொண்டு கிடக்கு, இஞ்ச கட்டிலில துவக்கு. "இஞ்சருங்கோ, பொலிசுக்குப் போன் பண்ணுங்கோ. அவங்கள் வந்து எடுக்கட்டும்" எண்டன்.

"செத்தவற்ற துவக்கு. நாங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கோணும்" எண்டார்.

ஊரில அப்பிடித்தான் முறை. ஆனா இவர் ஏன் அதில நிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். மாமாவிட்ட, அதுதான் இவற்ற தகப்பனிட்ட, வயலில காட்டுப் பண்டி விரட்ட ஒரு துவக்கு இருந்தது. அதுவும் தகப்பன் வழி வந்ததுதான். பிரச்சினை தொடங்கின நேரம் லைசென்ஸ் துவக்கெல்லாம் பொலிஸ் ஸ்டேசனில கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி அறிவிச்சாங்கள். மாமா குழலைத் துடைச்சு, எண்ணெய் பூசி, வெள்ளை வேட்டியும் கட்டிக்கொண்டு போனவர். திரும்பி வரேல்லை. சாகுமட்டும் மாமி அவருக்குத் திவசம் செய்ய விடேல்லை.

இவர் துவக்கை மடிச்சுத் திறந்து, உள்ளுக்குத் தோட்டா இல்லை எண்டு எனக்குக் காட்டிப்போட்டு, பெட்ஷீட்டில சுத்தினார். லண்டன் ரோட்டில எங்கட நிறத்தில ஒரு ஆள் துவக்கோட போறதெண்டா விசர் வேலை. தனிய விட ஏலாது. சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு நானும் வெளிக்கிட்டன். வழி முழுக்க ஏசிக்கொண்டுதான் போனன்.

பொலிஸ் ஸ்டேசன் வாசலில இவற்ற கால் நிண்டிட்டுது. முகமெல்லாம் வேர்வை. "நீ உள்ளுக்கு வராதை. நான் வராட்டி நேர வீட்டை போ. இஞ்ச வந்து விசாரிச்சுக்கொண்டு நிக்காதை" எண்டார்.

அப்பதான் எனக்கு விளங்கினது. இந்த மனுசன் திரும்பி வாற எண்ணத்தோட வெளிக்கிடேல்லை. கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனன்.

மேசையில வைச்சு பெட்ஷீட்டை விரிச்சார். பொலிஸ்காரி ஒருக்காப் பின்வாங்கினாள். பிறகு துவக்கைப் பத்திரமா எடுத்து வைச்சுப்போட்டு எங்களைக் கதிரையில இருத்தினாள். ஏசினாள்தான். போன் பண்ணியிருக்கோணுமாம், ரோட்டில கொண்டு வரவே கூடாதாம். பேர் விலாசம் எழுதினாள். இதுக்குப் பெரிசா விலை வராது, அழிச்சுப் போடட்டோ எண்டு கேட்டாள். இவர் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு எரிஞ்சது. இதைப்போல ஒண்டைக் குடுக்கப் போய்த்தான் இவையின்ர வீடு தகப்பனில்லாத வீடானது. அதுக்கு விலை வராதாம்.

கடைசியா, "சரி, நீங்கள் வீட்டை போகலாம்" எண்டாள்.

இவர் எழும்பேல்லை. விளங்கேல்லையாக்கும் எண்டு அவள் ஆறுதலாத் திரும்பவும் சொன்னாள்.

இவர் என்னட்டத் திரும்பி, தமிழில, "அப்பாவுக்கும் இதைத்தானே சொல்லியிருக்கோணும்" எண்டார்.