வேருக்குச் சிவப்புப் பூ

என் கணவர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ரந்தாவில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, நாற்காலி அடுக்கி, வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்து, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. கல் மாதிரி நிற்கிறாள் பார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு காலிக் கோப்பைகளைப் பொறுக்கினேன். காரியம் முடிந்த கையோடு சுங்கை காடுட்டுக்கு வேலைக்குப் போய்விட்டேன். தொழிற்சாலையில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்னப் பாகங்களை வைத்துக் கோளாறு தேடுவது என் வேலை. கோளாறு இருந்தால் ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அதற்கு மனசு தேவையில்லை, கண் போதும்.

அவர் போனதும் அவருடைய நிலம் என் தலையில் விழுந்தது. சுவா பக்கத்தில், பழைய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது என் மாமனார் வாங்கிய நிலம் அது. இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. நிலத்தோடு ஒரு குளமும் சேர்ந்து வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி இறுக்கி, தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். மண் அணைதான், ஆனால் நாங்கள் கரை என்றுதான் சொல்வோம். ஒரு வீட்டுக் கூரை உயரம் இருக்கும். அரசாங்கத்து அணை என்றால் யாராவது வந்து பார்ப்பார்கள். சொந்த அணையைச் சொந்தக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் போய்விட்டால் அவர் பெண்டாட்டி.

கரைக்கு நேர் கீழே ஒரு வீடு இருக்கிறது. என் கணவரின் அக்கா அதில் தனியாக இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். இப்போது இரண்டு மாடு, கத்தரி, வெண்டை என்று அவர் பாட்டுக்கு இருக்கிறார். கரை உடைந்தால் முதலில் போவது அந்த வீடு. இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் யாரும் பேசுவதில்லை.

என் கணவர் அந்தக் கரையைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். லாலான் புல்லை வளரவிட மாட்டார், புல் மறைத்தால் உடும்பு வளை தெரியாது என்பார். வளையைப் பார்த்தால் களிமண்ணை அடைத்து இடிப்பார். மழைக்காலத்தில் உபரித் தண்ணீர் போகிற வாய்க்காலில் சருகு சேரவிட மாட்டார். கரையின் அடியில் ஓரிடத்தில் எப்போதும் கொஞ்சம் கசியும். மண் கரை என்றால் கசியத்தான் செய்யும், அதில் தப்பில்லை. அந்தத் தண்ணீரை ஊறுகாய்ப் போத்தலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் சரி. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம், அப்புறம் ஓட வேண்டியதுதான் என்பார். இத்தனை தெரிந்த மனிதர் மரத்து விஷயத்தில் மட்டும் பாதியில் நின்றுவிட்டார்.

கரைமேல் ஓர் ஆலமரம் இருந்தது. அதன் அடியில் முனியாண்டி, ஒரு கல்லும் ஒரு சூலமும். தோட்டத்து ஆட்கள் வைத்த சாமி. மரம் பெருக்கப் பெருக்க என் கணவருக்குப் பயம் பிடித்தது. புயல் காற்றில் மரம் சாய்ந்தால் பாதிக் கரையையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும். வெட்டலாம் என்று அவர் சொன்னதும் அண்ணி சோறு தண்ணீர் எடுக்காமல் படுத்துக்கொண்டார். கடைசியில் சாமியிடமே கேட்டுவிடலாம் என்று பூப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெற்றிலையில் மடித்துச் சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, அண்ணியே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. மரத்தை வெட்டலாமா என்றதற்கு வெள்ளை வந்தது. சாமியைக் கீழே இறக்கி வைக்கலாமா என்றதற்கும் வெள்ளை. வேரைத் தோண்டலாமா என்று கேட்டபோது சிவப்பு வந்துவிட்டது.

என் கணவர் சூடத்தை அணைத்து, வேரைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மரத்தைத் தரையோடு தரையாக அறுத்து, அடிக்கட்டையை அப்படியே விட்டார்கள். செத்த வேர் மண்ணுக்குள் மக்கிப் போகும். வேர் இருந்த இடமெல்லாம் குழாய் மாதிரி பொந்தாகும். தண்ணீருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பாதிக் கோளாறு என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்று நான் அன்றைக்கே சொன்னேன். முனியாண்டி வேலை செய்கிற இடத்தில் தொழிற்சாலைக்காரி பேச்சுக்கு என்ன மரியாதை.

அதற்குப் பிறகு சில வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் போனார், அதுவும் மாரடைப்பில், சிரம்பான் ஆஸ்பத்திரியில். மரத்தை வெட்டியதால்தான் தம்பி போனான் என்று அண்ணி நம்பினார். அவர் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை, பிறரிடம் சொல்லி அது என் காதுக்கு வந்தது. எனக்குக் கோபமும் வரவில்லை.

செம்பனைக் குலை வெட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நிலத்துக்குப் போவேன். மழை விடாமல் பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு கரையடியில் அந்தக் கசிவைப் பார்த்தேன். தேநீர் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். காலையில் போத்தலின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தின்றேன். கோளாறு, ஒதுக்கு, அவ்வளவுதான் தோன்றியது.

மண் வேலைக்கு என் கணவரின் கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டேன். மண்வாரி இயந்திரம் வைத்திருப்பவர். கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பம்ப் போட்டுத் தண்ணீரை மெல்ல இறக்க வேண்டும் என்றார், வேகமாக இறக்கினால் உள்பக்கத்து ஈரமண் சரிந்துவிடுமாம். பிறகு அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தில் களிமண்ணைப் படை படையாகப் போட்டு இடிக்க வேண்டும். பம்ப் உடனே வந்தது. ஆனால் கீழ்வீட்டில் ஆள் இருக்கும்வரை இயந்திரத்தைக் கரைமேல் ஏற்ற மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது நியாயம்தான்.

அண்ணியிடம் போய், வேலை முடியும்வரை என்னோடு ரந்தாவில் வந்து இருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். மாட்டை யார் பார்ப்பது என்றார். மாட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்தேன். தம்பி கொடுத்த வாக்கு என்றார். வேண்டுமானால் மறுபடியும் பூப் போட்டுக் கேள் என்றார். நான் கேட்கவில்லை. மறுபடியும் சிவப்பு வந்தால் நான் என்ன செய்வது?

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வானம் மறுபடி கறுத்தது. நாள் போய்க்கொண்டே இருந்தது. நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கே போய்விட்டேன். வீரம் காட்டுவதற்காக இல்லை. அந்த வீட்டில் படுப்பதும் என் வீட்டில் படுப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அரிசி களைந்து உலையில் போட்டேன். அண்ணி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கரை ஒடைஞ்சா நீயும்ல போவ?"

"நீங்க இருக்கீங்கள்ல. அப்ப நானும் இருக்கேன்."

அன்றைக்கு இரண்டு பேரும் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டோம். மறுநாள் காலை நான் எழுந்தபோது மாடுகளை மேட்டு நிலத்தில் கட்டிவிட்டு, ஒரு பெட்டியோடு நின்றார். உனக்கு ஏதாவது ஆனால் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்தார். நான் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தேன்.

இயந்திரக்காரர் கரை ஏறுமுன் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்து, சுருட்டுப் பற்றவைத்து, வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார், கோபித்துக்கொள்ளாதே என்று தன் பங்குக்குச் சொல்லிக்கொண்டார். அடிக்கட்டை சுலபமாக வந்துவிட்டது, உள்ளே அத்தனையும் பொடி. கீழே தடித்த வேர் போன வழி ஒரு பொந்தாக இருந்தது. அவர் குனிந்து கையை விட்டார். தோள்வரை போயிற்று. இன்னொரு பெரிய மழை வந்திருந்தால் அவ்வளவுதான் என்றார். களிமண் போட்டு இடித்து முடிக்க நாளாயிற்று. கரை முன்னைவிட அகலமாக, அசிங்கமாக, மரமில்லாமல் நின்றது.

வேலை முடிந்த அன்று அண்ணியை அழைத்துப்போய்க் காட்டினேன். கரையடியில் இருவரும் நின்றோம். கசிவு அநேகமாக நின்றுவிட்டது. நான் பொந்தைப் பற்றிச் சொன்னேன், தண்ணீர் கலங்கி வந்ததை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன் என்றும் சொன்னேன். அவர் கத்தரிப் பாத்தியைப் பார்த்தபடி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்லா. தம்பி போன கொஞ்ச நாள்லயே கலங்கித்தான் வந்துச்சு. தெனம் காலைல பாப்பேன்."

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அடைச்சிருப்பல்ல."

தினம் காலையில் அவர் கரை உடையத்தான் காத்திருந்திருக்கிறார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கரை கெட்டியாக நின்றது, குளத்தில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, ஆபத்து என்று எதுவுமே இல்லை. ஆனாலும் அவர் கையை எட்டிப் பிடித்தேன். வலிக்குது, விடு என்றார். நான் விடவில்லை.