நியமிசியின் குலவை

நியமிசி குலவையிட்டால் ஏரிக்கரை ஊரான ம்வான்சாவின் மீன் சந்தையில் திருட்டுப் பூனைகூட வாயில் கவ்வியதைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். ஏரிக்கரையில் யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் முதல் அழைப்பு அவளுக்குத்தான். கருவாடு விற்று, தனியாளாக மகள் கபுலாவை ஆளாக்கியவள். வாய் மட்டும் இல்லையென்றால் தன்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அவளே சொல்வாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. மூளைக்கு அடியில் சின்னக் கட்டி என்றார்கள். மூக்கு வழியாகப் போய் எடுத்தார்கள்.

"மூக்குலேர்ந்து மூளைக்கு வழி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷம் மூக்குப்பொடி போட்டிருப்பேனா?" என்று கண் விழித்ததும் கேட்டாள்.

நர்ஸ் லிமி சிரிக்கவில்லை. "உள்ள இருக்கிற ஓட்டையை உங்க வயித்துக் கொழுப்பை எடுத்துத்தான் அடைச்சிருக்கு. அது ஒட்டிப் பிடிக்க ஒரு மாசமாவது ஆகும், அது வரைக்கும் மூக்கு சிந்தக் கூடாது, குனியக் கூடாது, கூடை தூக்கக் கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க. கக்கூஸ்ல முக்கவே கூடாது."

"முக்காம எப்படிம்மா வரும்? கூப்பிட்டா வருமா?"

"பப்பாளி சாப்பிடுங்க. மருந்தும் தர்றேன்."

"பெரியவங்களைப் பார்த்தா மண்டிபோட்டுக் குனியணுமே?"

"நின்னுக்கிட்டே கும்பிடுங்க. திட்டினா என்கிட்ட அனுப்புங்க."

"சரி, குலவை?"

லிமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்யோ! அடைப்பு பிச்சுக்கும். மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணி மூக்கு வழியா ஒழுகும். அந்த வழியா கிருமி ஏறினா உயிருக்கே ஆபத்து. மூக்குல தண்ணியா சொட்டினாலோ, தொண்டையில உப்பு கரிச்சாலோ உடனே ஓடி வாங்க."

"நான் கருவாட்டுக்காரி. பொறந்ததிலேர்ந்தே எனக்குத் தொண்டை உப்புதான்."

வாய் என்னவோ பேசியது. விரல் நாள் எண்ணியது. இரண்டு வாரத்தில் கபுலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்ப்பவன், லீவு அவ்வளவுதான். மணமகன் வாசலுக்கு வந்ததும் பெண்ணைப் பெற்றவள்தான் முதல் குலவை இட வேண்டும். அவள் வாய் திறக்காவிட்டால் மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பேச்சு ஊர் வாயில் விழுந்தால் கபுலா ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் மத்தளம் நின்றது. எல்லாக் கண்ணும் நியமிசி மேல். நாக்கு அரித்தது. ஒரே ஒரு குலவை, சின்னதாக, யாருக்குத் தெரியப் போகிறது?

மாப்பிள்ளையின் அத்தை மின்சா இடுப்பில் கை வைத்தாள். "என்ன சம்பந்தியம்மா, எங்க பையனைப் புடிக்கலையா? இப்பவே சொல்லிட்டா வந்த வழியே போயிருவோம்ல?"

கபுலாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள். இந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போய்ச்சேரவா ஆஸ்பத்திரியில் அத்தனை பாடு பட்டாள்?

"ஏய், எல்லாரும் கேட்டுக்குங்க! என் மண்டைக்குள்ள ஓட்டை. வயித்துக் கொழுப்பை வச்சு அடைச்சிருக்காங்க. குலவை போட்டேன்னா மூளைத்தண்ணி மூக்குல வரும், அப்புறம் கல்யாணச் சோத்தை எழவுச் சோறா திம்பீங்க. பையன் தங்கம், எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. உங்க எல்லாருக்கும் நாக்கு இருக்குல்ல? எனக்காகப் போடுங்கடி!"

முதலில் போட்டவள் மின்சாதான். அப்புறம் தெருவே அதிர்ந்தது. தான் வாயை மூடிக்கொண்டு நின்று, ஊர் தனக்காகக் குலவையிடுவதை நியமிசி அன்றுதான் கேட்டாள். உதட்டில் ஏதோ சொட்டியது. நக்கிப் பார்த்தாள். உப்பு.

"போச்சு" என்றாள்.

யார் சொல்லியும் கேட்டுப் பழகாதவள், மாப்பிள்ளையின் ஜோடித்த காரிலேயே ஏறி, ரிப்பன் பறக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். தலையைத் தன் கையால் தாங்கி, மெல்லக் குனிய வைத்து வெகுநேரம் காத்திருந்தார். ஒரு சொட்டும் விழவில்லை. அடைப்பு அப்படியே இருந்தது.

லிமி நிம்மதியாக மூச்சு விட்டாள். "பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஒழுகலை. வெறும் கண்ணீர்தான்."

நியமிசி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெறும் கண்ணீரா? உனக்கு ஒரு பொண்ணு பொறந்து, அதைக் கட்டிக் குடுக்கிற அன்னைக்கு வந்து சொல்லுடி, அது வெறும் கண்ணீரான்னு."